ஏ63.0 போடுவதா, பி07.9 போடுவதா? பிறப்புறுப்பு, ஆசனவாய் மருக்களுக்கான மெடிக்கல் கோடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளை, அதாவது டாக்டர் குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். டெர்மடாலஜி, யூராலஜி, மகப்பேறு, ஆசனவாய் அறுவை சிகிச்சை என்று எந்த ஸ்பெஷாலிட்டியில் இருந்தாலும் பிறப்புறுப்பு மருவோ ஆசனவாய் மருவோ உள்ள சார்ட் ஒருநாள் உங்கள் ஒர்க்லிஸ்டில் வரத்தான் செய்யும். டீம் லீடரிடம் கேட்கப் பலருக்கும் கூச்சம். கேட்காமலேயே பொதுவாக ஒரு கோடைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த நோயில் அப்படிச் செய்வது நோயாளிக்கு நேரடியாகக் கெடுதல். தேவையில்லாத ஒருவர் மேல் பாலியல் நோய்ப் பட்டம் ஏறிவிடும். தேவையான ஒருவரின் பதிவிலிருந்து அது காணாமல் போய்விடும். டாக்டர் எழுதியதற்குக் கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம் என்பதே கீழே உள்ள எல்லாப் பதில்களிலும் நான் சொல்ல வருவது.

இங்கே பேசுவது அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடுப் பட்டியல் பற்றி. கோடுகளின் ஆங்கில எழுத்தைத் தமிழிலேயே தந்திருக்கிறேன். 'டி' என்று குறிலில் இருந்தால் ஆங்கில நான்காம் எழுத்து (டி01.3), 'டீ' என்று நெடிலில் இருந்தால் இருபதாம் எழுத்து (டீ76). 'பி' என்பது எங்கும் இரண்டாம் எழுத்து.

பிறப்புறுப்பு மருவுக்கு ஒரு கோடு, ஆசனவாய் மருவுக்கு வேறு கோடா?

இல்லை. இரண்டுக்கும் ஏ63.0 தான். ஆண்குறி, பெண்ணின் வெளியுறுப்பு, யோனி, சிறுநீர்த் துவார வாய், ஆசனவாயின் வெளிப்புறம், ஆசனவாய்க் குழாயின் உட்புறம் என்று எங்கே இருந்தாலும், ஒன்று இருந்தாலும் கொத்தாக முப்பது இருந்தாலும், இந்த ஒரே கோடுதான். ஆண், பெண் வேறுபாடும் கிடையாது. புள்ளிக்குப் பிறகு ஒரே இலக்கம். அதோடு கோடு முழுமை அடைந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் எதையும் சேர்த்து நிரப்ப வேண்டாம்.

கோடு வரிசையில் அமைந்த டேபுலர் பட்டியலில் இதன் கீழே 'ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸால் வரும் ஆனோஜெனிட்டல் (ஆசனவாய், பிறப்புறுப்பு) மருக்கள்', 'கான்டைலோமா அக்யூமினேட்டம்' என்று இரண்டு குறிப்புகள் இருக்கும். ஆகவே டாக்டர் 'கான்டைலோமா' என்று எழுதினாலும் 'ஜெனிட்டல் வார்ட்ஸ்' என்று எழுதினாலும் நீங்கள் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

'வார்ட்' என்று தேடினால் பி07.9 வருகிறதே, அதைப் போட்டால் என்ன?

இந்த நோயில் ஆடிட்டில் அதிகம் பிடிபடும் பிழை இது. வேகமாக வேலை செய்யும்போது கோடு தேடும் சாஃப்ட்வேரான என்கோடரில் 'வார்ட்' என்று தட்டுவார்கள். முதல் வரியில் பி07.9 வரும், அதை எடுத்துக்கொண்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுவார்கள். நோய்ப் பெயர்களின் அகர வரிசையான இன்டெக்ஸில் அந்த முதல் வரிக்குக் கீழே உள்வாங்கி எழுதியிருக்கும் வரிகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஆனோஜெனிட்டல் பகுதி என்றால் ஏ63.0. சாதாரண மரு, தட்டை மரு இரண்டும் பி07.8. வெளிப் பிறப்புறுப்பு என்றால் மறுபடியும் ஏ63.0. உள்ளங்கால் மரு பி07.0. வயதானவர்களுக்கு வரும் செபோரிக் வகை எல்82.1, அது அழற்சியோடு இருந்தால் எல்82.0. பெருவியன் மரு ஏ44.1, பெயரில்தான் மரு, உண்மையில் அது பார்ட்டனெல்லா பாக்டீரியாவால் வரும் வேறொரு நோய். ஒரே சொல்லின் கீழ் இத்தனை கிளைகள். கிளை வரைக்கும் இறங்காமல் மேல் வரியிலேயே நின்றால் பி07.9 தான் கையில் மிஞ்சும்.

பி07 வகையின் தலைப்பிலேயே எக்ஸ்க்ளூட்ஸ்1 என்ற விலக்குக் குறிப்பில் ஆனோஜெனிட்டல் மரு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. குரல்வளைப் பாப்பிலோமாவும் (டி14.1) சிறுநீர்ப்பைப் பாப்பிலோமாவும் (டி41.4) அதே குறிப்பில் உண்டு. இன்டெக்ஸில் கோடைக் கண்டுபிடித்தபின் டேபுலரைத் திறந்து சரிபார் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பது இதுபோன்ற இடங்களுக்காகத்தான்.

'பாவம், அந்த நோயாளிக்குப் பாலியல் நோய் என்று ஏன் எழுத வேண்டும், பி07.9 என்றே இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சிலர் நல்லெண்ணத்தில் சொல்வதுண்டு. அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் செய்யக் கூடாது. ஆசனவாய்ப் பகுதியில் செய்த அறுவை சிகிச்சையோடு பி07.9 போனால் கிளைம், அதாவது இன்சூரன்ஸிடம் கேட்கும் பணக் கோரிக்கை, திரும்பி வரலாம். அப்போது நோயாளியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை ஒவ்வொன்றாக விளக்க வேண்டி வரும். நாம் மறைக்கப் பார்த்ததை அவர் இன்னும் நாலு பேரிடம் சொல்ல வேண்டிய நிலை.

கையிலும் மரு, பிறப்புறுப்பிலும் மரு. எக்ஸ்க்ளூட்ஸ்1 இருக்கும்போது இரண்டு கோடும் போடலாமா?

போடலாம். எக்ஸ்க்ளூட்ஸ்1 என்பது ஒரே நோய்க்கு இரண்டு கோடும் சேர்த்துப் போடாதே என்பதற்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிலைகள் என்றால் அந்தத் தடை கிடையாது என்று அதிகாரப்பூர்வ வழிகாட்டுதலிலேயே விலக்கு இருக்கிறது. விரலில் உள்ள சாதாரண மருவுக்கு பி07.8, பிறப்புறுப்பில் உள்ளதற்கு ஏ63.0. இரண்டு இடங்களையும் டாக்டர் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சாஃப்ட்வேரின் தானியங்கிச் சரிபார்ப்பான எடிட் தடுத்தால், இடம் வேறு என்பதைக் காட்டும் வரியைச் சார்ட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் தம் முடிவை எழுதும் அசெஸ்மென்ட்டில் 'வார்ட்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

அதே டாக்டரின் அதே நாள் குறிப்பில் பரிசோதனைப் பகுதியைப் பாருங்கள். 'ஆண்குறித் தண்டில் மூன்று மருக்கள்' என்று அங்கே இருந்தால் இடம் தெரிந்துவிட்டது, ஏ63.0. தொடையின் உள்புறம் என்றால் அது பிறப்புறுப்பு அல்ல. பி07 பக்கம் போக வேண்டும். சிக்கல் வருவது எல்லைப் பகுதிகளில்: அடிவயிற்றுக்குக் கீழே முடி உள்ள பகுதி, தொடை இடுக்கு, பிட்டத்தின் மடிப்பு. 'தொடை இடுக்கில் மரு' என்று எழுதிய டாக்டர் மனதில் எதை வைத்து எழுதினார் என்று நாம் ஊகிக்க முடியாது. டாக்டருக்கு எழுத்தில் கேள்வி, அதாவது குவெரி, அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

'ப்ராபபிள் கான்டைலோமா', 'கன்சிஸ்டன்ட் வித் ஜெனிட்டல் வார்ட்ஸ்' என்று எழுதியிருந்தால்?

அவுட்பேஷன்ட்டா, இன்பேஷன்ட்டா என்று முதலில் பாருங்கள். நமக்கு வரும் மரு சார்ட்டுகளில் பெரும்பாலானவை அவுட்பேஷன்ட்தான். அங்கே 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்', 'ரூல் அவுட்', 'கம்பேட்டிபிள் வித்', 'கன்சிஸ்டன்ட் வித்' போன்ற சொற்களோடு வரும் நோயை உறுதியானதாகக் கோடு செய்யக் கூடாது. அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது எதுவோ, அந்த அறிகுறியைத்தான் போட வேண்டும்.

ஒரு மாதிரிச் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 26 வயதுப் பெண். வெளியுறுப்பின் இடது பக்கம் நான்கு மில்லிமீட்டர் அளவில் சொரசொரப்பான ஒரு தடிப்பு. 'கன்சிஸ்டன்ட் வித் கான்டைலோமா, பயாப்சி எடுக்கப்பட்டது, முடிவு வந்ததும் பேசுவோம்' என்கிறது குறிப்பு. பயாப்சி முடிவு வருவதற்கு முன் நீங்கள் கோடு போடுகிறீர்கள் என்றால் இங்கே ஏ63.0 கிடையாது, வெளியுறுப்பில் உள்ள புண் அல்லது தடிப்புக்கான என்90.89 தான். ஆண்குறியில் என்றால் என்48.9, ஆசனவாயில் என்றால் கே62.9. அந்தப் பெண்ணுக்கு முடிவில் வெறும் தோல் தொங்கல் என்று வந்தால், நீங்கள் அவசரப்பட்டுப் போட்ட ஏ63.0 அவருடைய கிளைம் வரலாற்றில் அப்படியே நிற்கும். அதை நீக்கவைக்க அவர் படும் பாடு சொல்லி மாளாது.

இன்பேஷன்ட்டில் விதி நேர்மாறு. டிஸ்சார்ஜ் நேரத்தில் 'ப்ராபபிள்' என்று எழுதியிருந்தால் இருப்பதாகவே கொண்டு கோடு செய்யலாம்.

பேதாலஜி ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே ஏ63.0 போடலாமா?

அவுட்பேஷன்ட்டில், கோடு போடும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால் போடலாம். பேதாலஜிஸ்ட்டும் ஒரு டாக்டர்தான். ஆகவே பல கம்பெனிகளில் பயாப்சி சார்ட்டுகளை முடிவு வரும்வரை ஹோல்டில் வைப்பார்கள். நல்ல வழக்கம். இன்பேஷன்ட்டில் பேதாலஜி ரிப்போர்ட் மட்டும் போதாது. பொறுப்பு டாக்டர் தம் குறிப்பில் அதை ஏற்று எழுதியிருக்க வேண்டும்.

வைரஸைக் காட்ட பி97.7 சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். வேறு இடத்தில் வகைப்படுத்தப்பட்ட நோய்க்குப் பாப்பிலோமா வைரஸ் காரணம் என்று சொல்வது பி97.7. ஏ63.0 என்ற கோட்டுக்குள்ளேயே வைரஸ் அடக்கம்.

எச்பிவி (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்) டெஸ்ட் பாசிட்டிவ். மரு எதுவும் இல்லை. ஏ63.0 போடலாமா?

கூடாது. வைரஸ் உடம்பில் இருப்பதும் மரு இருப்பதும் வேறு வேறு. டெஸ்ட் முடிவுக்கு 'ஆர்' அத்தியாயத்தில் தனிக் கோடுகள் உள்ளன. கருப்பை வாயில் ஹை ரிஸ்க் பாசிட்டிவ் ஆர்87.810, லோ ரிஸ்க் ஆர்87.820. யோனியில் முறையே ஆர்87.811, ஆர்87.821. ஆசனவாயில் ஹை ரிஸ்க் ஆர்85.81, லோ ரிஸ்க் ஆர்85.82.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மருக்களை உண்டாக்குவது பெரும்பாலும், ஏறத்தாழ 90 சதவீதம், 6, 11 ஆகிய இரண்டு வகைகள். இவை லோ ரிஸ்க். கருப்பை வாய்ப் புற்றுக்கும் ஆசனவாய்ப் புற்றுக்கும் முக்கியக் காரணமான 16, 18 போன்றவை ஹை ரிஸ்க். ஆகவே 'ஹை ரிஸ்க் எச்பிவி பாசிட்டிவ்' என்ற முடிவைப் பார்த்து மரு என்று கோடு போடுவது விதிப்படியும் தவறு, மருத்துவப்படியும் தவறு. ஒரே நோயாளிக்கு இரண்டு வகைத் தொற்றும் இருக்கலாம் என்பது வேறு விஷயம். அதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

'கான்டைலோமா லேட்டா' என்று வந்தால்?

அது மருவே இல்லை. சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் வரும் ஈரமான தட்டைத் தடிப்பு. கோடு ஏ51.31. 'கான்டைலோமா' என்ற முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் ஏ63.0 க்குப் போய்விடுவீர்கள். ஒன்று பெனிசிலினில் குணமாகும் பாக்டீரியா நோய், மற்றது வைரஸ். சிகிச்சை வரலாறே தலைகீழாகிவிடும்.

பார்வைக்கு மரு போலவே இருக்கும் மற்றவையும் உண்டு. மொலஸ்கம் கன்டாஜியோசம் பி08.1. மூலம் வற்றியபின் மிஞ்சும் ஆசனவாய்த் தோல் தொங்கல் கே64.4. கருப்பை வாய்ப் பாப்பிலோமா டி26.0. ஆண்குறி முனையின் விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற சிறு பருக்கள் நோயே அல்ல, இயல்பான அமைப்பு. அதைப் பார்த்துப் பயந்து வரும் இளைஞர்கள் நிறைய. டாக்டர் 'இது மரு இல்லை' என்று ஆறுதல் சொல்லி அனுப்பிய சார்ட்டில், வந்த காரணத்தில் 'வார்ட்ஸ்' என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏ63.0 போட்டுவிடாதீர்கள். வந்த காரணம் நோயாளி சொன்னது. நமக்கு வேண்டியது டாக்டரின் முடிவு.

மருவோடு டிஸ்பிளேசியாவும் (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) இருந்தால்?

இரண்டையும் போடுங்கள். டிஸ்பிளேசியாவின் படி ஆசனவாயில் ஏஐஎன் 1 அல்லது 2 என்றால் கே62.82; ஏஐஎன் 3 என்றால் அது கார்சினோமா இன் சிட்டு (இன்னும் ஊடுருவாத புற்று) கணக்கு, டி01.3. வெளியுறுப்பில் விஐஎன் 1 என்90.0, விஐஎன் 2 என்90.1, விஐஎன் 3 டி07.1. கருப்பை வாயில் சிஐஎன் 1 என்87.0, சிஐஎன் 2 என்87.1, சிஐஎன் 3 டி06 வகைக்குப் போகும். இந்த மூன்றாம் படியைத் தவறவிடுவது கனமான பிழை. அது நோயாளியின் அடுத்த பரிசோதனை எப்போது என்பதையே மாற்றக்கூடியது. ரிப்போர்ட்டில் எண் இல்லாமல் 'ஹை கிரேட்' என்று மட்டும் இருந்தால், இரண்டா மூன்றா என்று நீங்களே முடிவு செய்யாமல் கேளுங்கள்.

கர்ப்பிணிக்கு மரு இருந்தால் எந்த வரிசை?

'ஓ' அத்தியாயம் முன்னே. ஓ98.3 வகையில் மும்மாதத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்: முதல் மும்மாதம் ஓ98.311, இரண்டாவது ஓ98.312, மூன்றாவது ஓ98.313, பிரசவத்தின்போது ஓ98.32, அதற்குப் பிறகு ஓ98.33. அதை அடுத்து ஏ63.0, கடைசியில் எத்தனை வாரம் என்பதற்கான இசட்3ஏ. 24 வாரக் கர்ப்பிணி என்றால் ஓ98.312, ஏ63.0, இசட்3ஏ.24. கணக்கில் 14 வாரம் முடியும்வரை முதல் மும்மாதம், 28 முடியும்வரை இரண்டாவது.

'கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று டாக்டரே எழுதினால்தான் இசட்33.1. அவர் எழுதாமல் நாம் அந்த முடிவுக்கு வரக் கூடாது. கர்ப்ப காலத்தில் மருக்கள் வேகமாகப் பெருகுவதும் எளிதில் ரத்தம் கசிவதும் சகஜம். வழக்கமாக வீட்டில் தடவக் கொடுக்கும் பொடோஃபிலாக்ஸ் போன்றவற்றை அப்போது தவிர்ப்பார்கள். சம்பந்தம் இல்லை என்பது அபூர்வம். மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. பிரசவப் பாதையை அடைக்கும் அளவுக்கோ அதிக ரத்தப்போக்கு வரும் அளவுக்கோ இருந்தால்தான். ஆகவே சிசேரியன் சார்ட்டில் மரு இருந்தால் அதையே அறுவையின் காரணமாக வைத்துவிடாதீர்கள். டாக்டர் எழுதிய காரணம் எது என்று தேடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆசனவாய் மரு. எது முதலில்?

அன்றைய வருகை எதற்காக என்பதைப் பொறுத்தது. எச்.ஐ.வி. தொடர்பான நிலை என்று டாக்டர் இணைத்து எழுதியிருந்தால் எச்.ஐ.வி. நோய்க்கான பி20 முதலில், பின்பு ஏ63.0. தொடர்பில்லாத காரணத்துக்கு வந்தவர் என்றால் அந்தக் காரணம் முதலில். அறிகுறி ஏதும் இல்லாத பாசிட்டிவ் நிலைக்கு இசட்21. ஒருமுறை பி20 ஆனவரை மீண்டும் இசட்21 க்குக் கொண்டுபோகக் கூடாது. எச்.ஐ.வி. மட்டும் இன்பேஷன்ட்டிலும் விதிவிலக்கு: உறுதி செய்யப்பட்டிருந்தால் மட்டுமே கோடு, 'ப்ராபபிள்' செல்லாது.

குழந்தைக்கு ஏ63.0 போடலாமா? அதைப் போட்டாலே பாலியல் வன்கொடுமை என்று ஆகிவிடாதா?

மனம் கனக்கிற கேள்வி, ஆனால் தெளிவாகப் பதில் தெரிந்திருக்க வேண்டும். மரு உறுதியானால் வயது எதுவானாலும் ஏ63.0 தான். கோட்டின் தலைப்பில் அடைப்புக்குள் 'வெனீரியல்' என்று இருப்பதால் அது வன்கொடுமைக்குச் சான்று ஆகிவிடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம்; கையில் மரு உள்ளவர் குழந்தையைக் கழுவிவிடும்போது பரவியிருக்கலாம்; குழந்தையே தன் விரல் மருவிலிருந்து பரப்பிக்கொண்டிருக்கலாம். வன்கொடுமையாகவும் இருக்கலாம். எது என்று தீர விசாரிப்பது டாக்டரின் வேலை. அமெரிக்க மாநிலச் சட்டங்களின்படி சந்தேகம் எழுந்தால் புகார் செய்யும் கடமையும் அவருக்கு உண்டு.

சந்தேகம் இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் டீ76.22எக்ஸ்ஏ, உறுதி என்றால் டீ74.22எக்ஸ்ஏ, அது முன்னால், ஏ63.0 பின்னால். 'சஸ்பெக்டட்' என்பதை அவுட்பேஷன்ட்டில் கோடு செய்யாதே என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இது புறம்பு. சந்தேகத்துக்கென்றே உண்டான வகை டீ76. புகாரை விசாரித்து அது இல்லை என்று முடிந்தால் டீ76 போடக் கூடாது, இசட்04.42. டாக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றால் நாமாக எந்த 'டீ' கோடும் சேர்க்கக் கூடாது. சார்ட்டைப் படித்து மனம் உறுத்தினால் அதை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம், பக்கத்து சீட்டில் பேசவும் வேண்டாம். சூப்பர்வைசர் வழியாகக் கம்ப்ளையன்ஸ் டீமுக்குக் கொண்டுபோங்கள்.

'ஹிஸ்டரி ஆஃப் ஜெனிட்டல் வார்ட்ஸ்' என்றால்?

இப்போது மரு இல்லை, சிகிச்சையும் இல்லை என்றால் இசட்86.19. மறுபடி வந்திருந்தால் மீண்டும் ஏ63.0. முதல் தடவையா, திரும்ப வந்ததா என்று காட்ட ஐசிடி-10-சிஎம்மில் வழி இல்லை. இணைக்கு மரு இருப்பதால் பரிசோதனைக்கு மட்டும் வந்தவருக்கு இசட்20.2. இவருக்கும் ஏ63.0 போட்டுவிடுகிற சார்ட்டுகளைப் பார்க்க நேர்கிறது. உடம்பில் ஒன்றும் இல்லாதவரை நோயாளி ஆக்கிவிடுகிறோம்.

மருந்துப் பட்டியலில் இமிக்விமாட் இருக்கிறது. அதுவே போதாதா?

போதாது. அதே கிரீமை வெயிலால் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸுக்கும், ஒரு வகைத் தோல் புற்றுக்கும் கொடுக்கிறார்கள். மருந்தைப் பார்த்து நோயை ஊகிப்பது எந்தச் சார்ட்டிலும் கூடாது.

ப்ரொசீஜர் கோடு எப்படி எடுப்பது?

டயக்னாசிஸ் ஒரே கோடு. ஆனால் சிகிச்சை முறைகளுக்கான கோடுப் பட்டியலான சிபிடியில் இடம்தான் எல்லாம். ஆசனவாய்க்கு 46900 முதல்: ரசாயனம் தடவினால் 46900, மின்சாரத்தால் கருக்கினால் 46910, குளிர்வித்து உறைய வைத்தால் 46916, லேசர் 46917, வெட்டி எடுத்தால் 46922. விரிவானது என்றால் முறை எதுவானாலும் 46924. ஆண்குறிக்கு அதே ஒழுங்கில் 54050, 54055, 54056, 54057, 54060; விரிவானது 54065. பெண்ணின் வெளியுறுப்புக்கு முறை பார்க்க வேண்டாம்: எளியது 56501, விரிவானது 56515. யோனிக்கு 57061, 57065. தொடை போன்ற சாதாரணத் தோல் என்றால் 17110, பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் 17111.

ஆண்குறி, ஆசனவாய்க் கோடுகளை எண்ணிக்கையால் பெருக்கக் கூடாது. எட்டு மரு எரித்தாலும் ஒரு தடவைதான். 'எளியது', 'விரிவானது' என்பதற்கு சிபிடி எண் வரையறை எதுவும் தரவில்லை. டாக்டர் குறிப்பில் அந்தச் சொல்லோ, அதை நியாயப்படுத்தும் விவரிப்போ இருக்க வேண்டும். 'நிறைய மரு இருந்தது, ஆகவே விரிவானது' என்று நாமே தீர்ப்பு எழுதினால் ஆடிட்டில் நிற்காது.

இரண்டு இடங்களில் ஒரே நாளில் செய்தால், எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ எடிட்டைப் பார்த்து, தனிச் சிகிச்சை என்று காட்டும் 59 அல்லது எக்ஸ்எஸ் மாடிஃபையர் (கோட்டோடு சேர்க்கும் குறி). இந்தக் கோடுகளுக்கு அமெரிக்க அரசின் இன்சூரன்ஸான மெடிகேர் கணக்கில் குளோபல் பீரியட் (தொடர் கவனிப்புக்குத் தனிப் பணம் இல்லாத காலம்) 10 நாள். வாராவாரம் அமிலம் தடவும் சிகிச்சையில் அடுத்த வருகை அந்தப் பத்து நாளுக்குள் விழும். முன்பே திட்டமிட்ட தொடர் சிகிச்சை என்று முதல் நாள் குறிப்பிலேயே இருந்தால் 58 மாடிஃபையருக்கு ஆதாரம் கிடைக்கும். இல்லாவிட்டால் டினையல்தான், பணம் மறுக்கப்படும்.

மரு வந்தாலே இணை துரோகம் செய்தார் என்று அர்த்தமா? இசட்72.5 சேர்க்கலாமா?

அர்த்தம் இல்லை. தொற்றி, மருவாக வெளியே தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருடங்களும் ஆகும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய டெஸ்ட் கிடையாது. ஆபத்தான பாலுறவு நடத்தைக்கான இசட்72.5 வகையை டாக்டர் எழுதினால் மட்டுமே போட வேண்டும். மருவைப் பார்த்து நாமே அதைச் சேர்ப்பது ஒரு மனிதரின் ஒழுக்கத்துக்கு நாம் சான்றிதழ் எழுதுவது போன்றது. அந்த அதிகாரம் நமக்கு இல்லை.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் 26 வயதுவரை பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம். கிளைம் முடிந்ததும் என்ன சிகிச்சை, எவ்வளவு பணம் என்ற விளக்கக் கடிதம் பல நேரம் பாலிசிதாரர் வீட்டுக்கே போகும். 22 வயது மகளின் சிகிச்சைக் கடிதத்தை அப்பா பிரிப்பார். தகவலை வேறு முகவரிக்கு அனுப்பக் கேட்கும் உரிமையை, நோயாளித் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் தருகிறது. பலருக்கு அது தெரிவதில்லை. நாம் தவறாகச் சேர்த்த ஒரு கோடு எந்த வீட்டில் என்ன பேச்சைக் கிளப்பும் என்பது நம் திரையில் தெரியாது.

இந்த நோய்க்கு இத்தனை துல்லியம் தேவையா? உயிருக்கு ஆபத்தில்லையே?

தேவை. மருவைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது; அது வேலை செய்கிறதா என்று காட்டியதில் முதல் சான்றுகளில் ஒன்று மரு எண்ணிக்கைதான். புற்று உருவாகப் பல வருடம் ஆகும். மரு சீக்கிரம் வந்துவிடும். ஆஸ்திரேலியா 2007 இல் பெண்பிள்ளைகளுக்கு 6, 11, 16, 18 வகைகளுக்கான தடுப்பூசியைத் தொடங்கியது. அங்குள்ள பாலியல் நலக் கிளினிக்குகளுக்கு முதன்முறை வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு இருந்தவர்கள் அந்த ஆண்டு 11.5 சதவீதம், 2011 இல் 0.85. கிளினிக்கில் யாரோ ஒருவர் ஒவ்வொரு மருவையும் மரு என்று சரியாகப் பதிந்ததால்தான் இந்த வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் ஊசியும் அதே நான்கு வகைகளுக்கு எதிரானது. தடுப்பூசி போட மட்டும் வரும் வருகைக்கு இசட்23.

ஐசிடி-11 வந்தால் இது மாறுமா?

மாறும். அதில் ஆனோஜெனிட்டல் மருவுக்கு 1ஏ95. ஆசனவாய் மரு 1ஏ95.0, பிறப்புறுப்பு மரு 1ஏ95.1 என்று இடம் பிரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருந்தாலும் அமெரிக்கக் கிளைம்கள் இன்னும் ஐசிடி-10-சிஎம்மில்தான் போகின்றன. ஆனால் இடத்தைக் குறிப்பில் தேடிப் பிடிக்கும் பழக்கம் இப்போதே இருந்தால் அன்றைக்குச் சிரமம் இருக்காது.

டாக்டருக்குக் குவெரி எப்படி எழுதுவது?

பதிலை நாமே வாயில் ஊட்டக் கூடாது. 'ஏ63.0 போட அனுமதி தாருங்கள்' என்று எழுதுவது தவறு. பணத்தைப் பற்றியோ டினையலைப் பற்றியோ ஒரு சொல்லும் வரக் கூடாது. சார்ட்டில் உள்ளதைத் தேதியோடு எடுத்துக்காட்டி, மருத்துவ ரீதியாக நியாயமான எல்லா வாய்ப்புகளையும் கொடுங்கள். இப்படி:

'மார்ச் 4 குறிப்பில், பரிசோதனையில் "வலது தொடை இடுக்கில் இரண்டு தடிப்புகள்", அசெஸ்மென்ட்டில் "வார்ட்ஸ்", சிகிச்சையாகக் குளிர்வித்தல் என்று உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி இந்தத் தடிப்புகளின் நோயையும் இடத்தையும் தெளிவுபடுத்த வேண்டுகிறோம்: ஆனோஜெனிட்டல் மரு, பிறப்புறுப்புக்கு வெளியே தோலில் உள்ள சாதாரண வைரல் மரு, மொலஸ்கம் கன்டாஜியோசம், வேறு ஏதாவது (எழுதவும்), தீர்மானிக்க இயலவில்லை.'

பதில் வந்ததும் அது நோயாளியின் பதிவில் அடென்டமாக, அதாவது பின்னிணைப்பாகச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள். டாக்டர் போனில் சொன்னார், சாட்டில் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது. 'தீர்மானிக்க இயலவில்லை' என்று பதில் வந்தாலும் அது ஒரு பதில்தான். இடம் தெளிவாகாதவரை ஏ63.0 போட முடியாது, அவர் எழுதிய 'வார்ட்ஸ்' என்ற சொல்லுக்கு உரிய பி07.9 அங்கே நேர்மையான கோடு.